கைவிடப்பட்ட தொடரும் கையறுநிலைக் கருத்துகளும்: ‘ஃபயர்ஃப்ளை’ பார்வையாளரை முன்வைத்து

ஊடகம் சார்ந்த ஆய்வேடுகள் தமிழ்த்துறைகளில் பெருகிவருகின்றன. தொலைக்காட்சித் தொடர்களை ஆராயும் ஏடுகளுள் பலவும் ஓர் இயலைப் பார்வையாளர் கருத்துகளுக்கென ஒதுக்குகின்றன. வினாநிரல் வழியாகவோ நேர்காணல் வழியாகவோ திரட்டிய கருத்துகளை வகைப்படுத்தி, விழுக்காடு கண்டு, பெரும்பான்மையோர் இத்தொடரைச் சிறந்தது எனக் கூறுகின்றனர், ஆகவே இது சிறந்த தொடர் என்று முடிப்பது ஏறத்தாழ ஒரு வாய்பாடாகிவிட்டது. பார்வையாளர் கருத்தை இவ்வாறு நேர்ச்சான்றாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஓடி முடிந்த தொடர்களை வைத்து இவ்வையத்தை ஆராய்ந்தால் விடை எளிதில் அகப்படுவதில்லை. இடையில் நிறுத்தப்பட்ட தொடர்களில்தான் சிக்கல் வெளிப்படையாகத் தெரிகிறது. அங்கே பார்வையாளர் பேசுவது பெரும்பாலும் இழந்துவிட்ட ஒன்றைப் பற்றியே. இழந்ததைப் பற்றிய பேச்சுக்குத் தனி இலக்கணம் உண்டு என்பதைத் தமிழ் பயின்றோருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இக்கருத்துரைக்கு ‘ஃபயர்ஃப்ளை’ என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரை எடுத்துக்கொள்கிறேன். நிறுத்தப்பட்ட தொடர்கள் பல இருப்பினும், நிறுத்தம் என்னும் நிகழ்வே ஒரு படைப்பின் பொருளை மாற்றிவிட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரிந்தவரை இல்லை.

தொடரும் நிறுத்தமும்

ஜாஸ் வீடன் உருவாக்கிய இத்தொடர் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2002 செப்டம்பர் 20 அன்று தொடங்கியது. கதை 2517ஆம் ஆண்டில் நிகழ்கிறது. மாந்தர் இப்புவியை விட்டு நீங்கி வேறொரு விண்மீன் குடும்பத்தில் குடியேறியுள்ளனர். நடுவண் கோள்களை ஆளும் கூட்டணி அரசு, எல்லைப்புறக் கோள்களையும் போரிட்டுத் தன் ஆட்சிக்குள் கொணர்ந்துவிட்டது. அப்போரில் தோற்ற தரப்பில் நின்ற மால்கம் ரெனால்ட்ஸ், பழைய சரக்குக் கலம் ஒன்றை வாங்கி, கடத்தலும் கூலிவேலையுமாகக் காலம் கழிக்கிறான். கலத்தில் அவனையும் சேர்த்து ஒன்பதின்மர். அக்கலத்திற்கு அவன் இட்ட பெயர் ‘செரினிட்டி’. அது அவன் தோற்ற போர்க்களமான பள்ளத்தாக்கின் பெயர். விண்கலமும் குதிரையும் ஒரே காட்சியில் வரும் இக்கதையுலகு, அமெரிக்க மேற்குப்புறக் கதைமரபை விண்வெளிக்கு எடுத்துச்சென்றது.

எடுக்கப்பட்ட பகுதிகள் 14; ஃபாக்ஸ் ஒளிபரப்பியவை 11. பலர் வீட்டில் இராத வெள்ளிக்கிழமை இரவு இதற்கு ஒதுக்கப்பட்டது. பேஸ்பால் ஆட்டங்களின் ஒளிபரப்பால் இடையிடையே வாரங்கள் தவறின. பார்த்தோர் தொகை சராசரியாக 47 லட்சம் எனக் கணக்கிடப்பட்டது. நீல்சன் தரவரிசையில் 98ஆம் இடம். 2002 டிசம்பருடன் தொடர் நிறுத்தப்பட்டது. ஓராண்டு கழித்து, 2003 டிசம்பரில், 14 பகுதிகளும் அடங்கிய டிவிடித் தொகுப்பு வெளிவந்தது. அதன் விற்பனையும் பார்வையாளரின் விடாப்பிடியும் சேர்ந்து 2005இல் ‘செரினிட்டி’ என்னும் திரைப்படத்திற்கு வழிவகுத்தன.

அன்றைய நீல்சன் எண்ணிக்கை என்பது மாதிரியாகத் தேர்ந்த சில ஆயிரம் வீடுகளில் தொலைக்காட்சி எதில் நின்றது என்பதன் பதிவேயாகும். அவ்வீடுகளில் இருந்தோர் என்ன நினைத்தனர் என்பது அதில் இல்லை. அதேவேளை, மடல் எழுதியும் கூட்டம் கூடியும் கருத்துரைத்தோர் அம்மாதிரியில் இல்லை. எண்ணப்பட்டோர் பேசவில்லை; பேசியோர் எண்ணப்படவில்லை. தொலைக்காட்சி பற்றிய எந்த ஆய்வும் இவ்விரு கூட்டத்தாரையும் ‘பார்வையாளர்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும்போது தடுமாறுகிறது.

எந்தப் பாடம்?

முதலிற் படமாக்கப்பட்டது ‘செரினிட்டி’ என்னும் இரண்டு மணிநேரத் தொடக்கப் பகுதி. போர்க்களத் தோல்வியில் தொடங்கி, கலத்திற்குப் புதியோர் வந்து சேர்வதை அது விரிவாகக் காட்டுகிறது. விறுவிறுப்புப் போதாது எனக் கருதிய நிறுவனம் அதனை ஒதுக்கிவைத்து, அவசரமாக எழுதப்பெற்ற ‘தி டிரெயின் ஜாப்’ என்னும் தொடர்வண்டிக் கொள்ளைப் பகுதியை முதலாவதாக ஒளிபரப்பியது. ஒதுக்கப்பட்ட தொடக்கம் டிசம்பர் 20 அன்று, ஃபாக்ஸ் ஒளிபரப்பிய இறுதிப் பகுதியாக வந்தது. மருத்துவன் சைமனும் அவன் தங்கை ரிவரும் துறவி புக்கும் எவ்வாறு கலத்திற்கு வந்தனர் என்பதைப் போகிற போக்கில் சொல்லப்பட்ட குறிப்புகளால் மட்டுமே அறிந்து, தொடர் முடியும் நாளில் அதன் தொடக்கத்தைக் கண்டனர் முதற் பார்வையாளர்.

நிறுத்தத்திற்குப் பின் எழுந்த கருத்துகளுள் மிகப் பரவலானது இவ்வரிசை மாற்றம் பற்றியதே. எடுத்த வரிசையில் ஒளிபரப்பியிருந்தால் தொடர் பிழைத்திருக்கும் என்பது இன்றுவரை ஒரு நம்பிக்கையாக நிலவுகிறது. இதன் முற்பாதியை நான் ஏற்கிறேன். வைப்புமுறை பொருள் தரும் என்பதை மறுக்க நமக்கு உரிமையில்லை. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் பாலை என்றும், பத்தாவதாக வருவன நெய்தல் என்றும் எண்ணைக் கொண்டே திணையுணரக் கற்றவர்கள் நாம். பிற்பாதியோ மெய்ப்பிக்க இயலாதது. வெள்ளி இரவும் தவறிய வாரங்களும் பெரும் தயாரிப்புச் செலவும் ஒருங்கே நின்ற நிலையில், ஒரு காரணத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தீர்ப்பு வழங்குவது ஆய்வாகாது. ‘யாரோ ஒருவர் செய்த பிழையால் இழந்தோம்’ என்னும் விளக்கம் இழந்தோருக்கு எப்போதுமே ஆறுதலானது என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

ஆய்வு நோக்கில் இதனினும் இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு. 2002இல் தொலைக்காட்சியில் கண்டவர் கருத்துரைத்தது ஒரு பாடத்தின் மீது. 2003 டிசம்பருக்குப் பின் டிவிடியில் கண்டவர் கருத்துரைத்தது வேறொரு பாடத்தின் மீது. முன்னது 11 பகுதிகள், கலைந்த வரிசை, விளம்பர இடைவெளிகள், வாரக்கணக்கான காத்திருப்பு. பின்னது 14 பகுதிகள், ஆக்கியோர் வகுத்த வரிசை, ஒரே வாரத்தில் முழுவதையும் காணும் வாய்ப்பு. ‘ஃபயர்ஃப்ளையை மக்கள் புறக்கணித்தனர்’ என்னும் கூற்றும் ‘மக்கள் கொண்டாடினர்’ என்னும் கூற்றும் முரண்படுவனவாகத் தோன்றினும், அவை ஒரே நூலைப் பற்றியன அல்ல. சுவடி வேறுபாட்டைக் குறிக்காமல் பாட ஆய்வு செய்வோரை நாம் கடிவோம். பார்வையாளர் கருத்துகளைத் தொகுக்கும் ஆய்வாளர், அவர் எதனை, எப்போது, எவ்வரிசையில் கண்டார் என்னும் ஒரு வினாவைத் தம் வினாநிரலில் சேர்ப்பதே இல்லை. தமிழ்ச் சூழலிலும் தொலைக்காட்சியில் நாள்தோறும் கண்டவரையும், பின்னர்க் கைப்பேசியில் தொகுத்துக் கண்டவரையும் ஒரே அட்டவணையில் அடைத்துவிடுகிறோம்.

கையறுநிலையாகும் கருத்து

பாரியைக் கபிலர் அவன் வாழ்ந்தபோதும் பாடினார், மாய்ந்தபின்னும் பாடினார். புறநானூற்றில் முன்னவற்றுள் சில இயன்மொழி எனத் துறை வகுக்கப்பட்டுள்ளன, பின்னவை கையறுநிலை. பாடியவர் ஒருவரே, பாடப்பட்டோனும் ஒருவனே. ஆயினும் இரண்டையும் நாம் ஒரே வகையாகப் படிப்பதில்லை. கையறுநிலையில் தலைவன் குறை பேசப்படுவதில்லை. அவன் இருந்த நாளின் எளிய காட்சிகளும் பெருமையுறுகின்றன. அதனைக் கொண்டு பாரியின் ஆட்சித்திறனை அளந்தறிய முற்படும் வரலாற்றாசிரியர் எச்சரிக்கையுடன் முற்படுவார்.

நிறுத்தப்பட்ட தொடரைப் பற்றிய பார்வையாளர் கருத்தையும் இத்துறைப் பாகுபாட்டுடன் அணுக வேண்டும் என்பதே நான் கூற விழைவது. ஓடிக்கொண்டிருக்கும் தொடரைப் பற்றி ஒருவர் ‘இவ்வாரம் தொய்வு’ என்பார். நிறுத்தம் அறிவிக்கப்பட்டதும் அவரே அத்தொய்வை மறந்து, நிகழாத ஐந்து ஆண்டுக் கதையை நினைத்து வருந்துவார். மதிப்பீடாக இருந்த பேச்சு இரங்கலாக மாறுகிறது. இரங்கல் பொய்யன்று, அது வேறொன்றின் சான்று. பார்த்தவருக்கும் படைப்புக்கும் இடையே உண்டான பற்றின் அளவை அது காட்டும். படைப்பின் தரத்தை நேரே காட்டாது.

‘ஃபயர்ஃப்ளை’யைப் பொறுத்தவரை இவ்விரங்கலைத் தொடரே கற்றுக்கொடுத்தது எனலாம். கதையினுள் தோற்ற தரப்பினரின் படைவீரர் பழுப்பு நிற மேலங்கி அணிந்தவர்கள். ‘பிரவுன்கோட்ஸ்’ என அழைக்கப்படுபவர்கள். தொடர் நிறுத்தப்பட்டபின் அதன் பற்றாளர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரும் அதுவே. பெரும் அரசிடம் தோற்றும் தோல்வியை ஏற்காத வீரரும், பெரும் நிறுவனத்திடம் தொடரை இழந்தும் இழப்பை ஏற்காத பார்வையாளரும் ஒரு பெயருக்குள் ஒன்றாயினர். தொடர் பத்தாண்டுகள் ஓடி முடிந்திருந்தால் இப்பெயர் இத்துணைப் பொருத்தமாக அமைந்திருக்குமா என எண்ணிப் பார்க்கலாம். ‘தி மெசேஜ்’ என்னும் பகுதி மற்றொரு சான்று. நிறுத்தச் செய்தி வந்தடைந்த நாட்களில் படமாக்கப்பட்ட அப்பகுதி, போரில் உடனிருந்த தோழனின் உடலை அவன் வீட்டாரிடம் ஒப்படைக்கும் பனிபெய்யும் காட்சியில் முடிகிறது. அக்காட்சியின் இசையைக் கிரெக் எட்மன்சன் தொடருக்கே விடைகொடுப்பதாக அமைத்தார். ஃபாக்ஸ் ஒளிபரப்பாத மூன்றனுள் இதுவும் ஒன்று. பின்னர் டிவிடியில் இதனைக் கண்டோர், கதைமாந்தனின் இறுதிச்சடங்கையும் தொடரின் இறுதிச்சடங்கையும் பிரித்துக் காணவில்லை. காண இயலவும் இல்லை.

கையறுநிலை சிலவற்றை மறைக்கும். இத்தொடரின் மாந்தர் கோபம் வந்தால் மாண்டரின் மொழியில் வைகின்றனர். அமெரிக்காவும் சீனாவும் கலந்து உருவான எதிர்காலம் என்பது கதையின் அடிப்படை. எனினும் கலத்திலுள்ள ஒன்பதின்மருள் சீனர் ஒருவரும் இல்லை. மொழி அலங்காரமாக வந்தது, அம்மொழியினர் வரவில்லை. மற்றொன்று இதனினும் ஆழமானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தைப் பற்றிய ‘தி கில்லர் ஏஞ்சல்ஸ்’ என்னும் மைக்கேல் ஷாராவின் புதினம் தமக்குத் தூண்டுதலாயிற்று என வீடனே கூறியுள்ளார். தோற்று மேற்கே சென்ற தென்னகப் படைவீரரின் சாயல் மால்கமிடம் வெளிப்படை. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் தோல்விக் காவியத்தை, அடிமைமுறையை மட்டும் நீக்கிவிட்டு விடுதலைக் காவியமாக்கியது இத்தொடர் என்னும் குற்றச்சாட்டு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இக்குறைகளைப் பார்வையாளரிலேயே சிலர் கூறினர். ஆனால் இரங்கல் ஓங்கியிருந்த ஆண்டுகளில் இவ்வகைக் கூற்று சாவு வீட்டில் கணக்குக் கேட்பது போலாயிற்று. கருத்துகளை எண்ணிக்கையால் மட்டும் அளக்கும் ஆய்வு, ஒலித்தவற்றை மிகையாகவும் அடங்கியவற்றை இன்மையாகவும் பதிவுசெய்யும்.

(நாமும் இதற்கு விலக்கல்லோம் என்பதை இடையே சொல்லிவிடுகிறேன். வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைத்திருந்தால் அவற்றைப் பற்றி இன்று எழுதுவதைப் போலவே எழுதியிருப்போமா? கிடைத்த சில பாடல்களின் திறத்தைக் கொண்டு கிடைக்காதவற்றின் திறத்தை உறுதிசெய்யும் போக்கு நம் இலக்கிய வரலாறுகளில் உண்டு.)

விண்ணப்பமும் விளைவும்

இழப்பிற்கு முன்னரே அதனைத் தடுக்க எழும் கருத்து வேறொரு வகை. அதனை விண்ணப்பம் எனலாம். 1966 செப்டம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ இரண்டாம் பருவத்தில் நிறுத்தப்படும் என்னும் செய்தி பரவியபோது, பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் இணையர் முன்னின்று மடலியக்கம் ஒன்றை நடத்தினர். 1968 ஜனவரியில் கால்டெக் மாணவர் பர்பாங்கிலுள்ள நிறுவன அலுவலகத்திற்கு ஊர்வலமாகச் சென்றனர். 1967 டிசம்பர் முதல் 1968 மார்ச் வரை வந்த மடல்கள் ஏறத்தாழ 1,16,000 என நிறுவனம் தெரிவித்தது. பத்து லட்சம் என்னும் கணக்கும் வழங்குகிறது. எண்ணிக்கை இவ்வாறு பலவாறாகச் சொல்லப்படுவதே, மடல்கள் எத்துணை விரைவில் தொன்மமாயின என்பதைக் காட்டும். மார்ச் 1 அன்று, ஒரு பகுதியின் முடிவில், தொடர் நீடிக்கும் என்று அறிவிக்கப்பட்டது. உடனே நன்றி கூறும் மடல்கள் குவியத் தொடங்கின.

விளைந்தது என்ன? மூன்றாம் பருவம் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளப்பட்டது, செலவு குறைக்கப்பட்டது, உருவாக்கியவரான ஜீன் ராடன்பெரி அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகினார். அப்பருவத்தின் முதற்பகுதியாக வந்த ‘ஸ்பாக்ஸ் பிரெய்ன்’ இன்றளவும் எள்ளலுக்கு ஆளாகிறது. 1969 ஜூன் 3 அன்று 79ஆம் பகுதியுடன் தொடர் முடிந்தது. வேண்டிப் பெற்றதைப் பார்வையாளரே விரும்பவில்லை. ஆயினும் அவ்விரும்பாத பருவம் சேர்ந்தமையால்தான் மறு ஒளிபரப்பிற்குப் போதிய அளவு பகுதிகள் திரண்டன. அம்மறு ஒளிபரப்பே தொடரை வாழவைத்தது. சுவை நோக்கில் விண்ணப்பம் ஏமாற்றத்தில் முடிந்தது. பாடத்தைக் காத்தல் என்னும் நோக்கில் வென்றது. இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க இயலாது.

சிபிஎஸ் 2007இல் நிறுத்திய ‘ஜெரிக்கோ’ தொடருக்காகப் பார்வையாளர் அந்நிறுவனத்திற்கு 20 டன் அளவுக்கு நிலக்கடலை அனுப்பியதும், ஏழு பகுதிகள் மட்டும் கிடைத்ததும், 2008இல் மீண்டும் நிறுத்தப்பட்டதும் இவ்வகையே.

‘ஃபயர்ஃப்ளை’க்கும் வேண்டியது கிடைத்தது; திரைப்படமாக. அதில் கலத்தைச் செலுத்தும் வாஷ், கதையின் உச்சத்தில், முன்னறிவிப்பின்றிக் கொல்லப்படுகிறான். துறவி புக்கும் மாள்கிறார். அதுவரை ஒருகுரலாக இருந்த பற்றாளர் கருத்து அன்று பிளந்தது. துணிந்த முடிவு என்றோரும் நம்பிக்கைத் துரோகம் என்றோரும் இன்றும் உளர். எனக்கு இப்பிளவு நல்ல அறிகுறியாகவே படுகிறது. இரங்கல் நீங்கி மதிப்பீடு மீண்ட இடம் அது. இல்லாத கதையைப் பற்றி அனைவரும் ஒத்த கருத்தினராக இருக்க முடிந்தது. கதை வந்ததும் வேறுபட வேண்டியதாயிற்று.

உரையாகும் கருத்து

இதுவரை கூறியவற்றால் பார்வையாளர் கருத்து வெறும் உணர்ச்சி என ஒதுக்கத்தக்கது என்பது பெறப்படாது. கருத்துகளுள் ஒரு சிறுபான்மை, உரையாசிரியர் செய்யும் பணியையே செய்கிறது. தொடக்கப் பகுதியில் ஒரு காட்சி: மனிதரை உயிருடன் தின்னும் கொடியோரின் கலம் அருகே கடந்து செல்கிறது. அனைவரும் உறைந்து நிற்க, ஐனாரா ஓர் அழகிய பேழையைத் திறந்து அதிலுள்ள மருந்தூசியை நோக்குகிறாள். விளக்கம் இல்லை, தொடரில் பின்னரும் வரவில்லை. பிடிபடும் முன் உயிர்விடுவதற்கான நஞ்சு அது என்பது பார்வையாளருள் ஒரு சாரார் கொண்ட பொருள். அவள் தீரா நோயுற்றவள், அது அந்நோய்க்கான மருந்து என்பது மற்றொரு சாரார் துணிபு. பின்னவர், வேறொரு பகுதியில் அவள் சாதலைப் பற்றிக் கூறும் ஒரு சொல்லையும் அவள் கலத்திற்கு வந்த காரணம் கூறப்படாமையையும் இயைத்துக் காட்டினர். தொடரில் பங்கேற்றோர் பின்னாளில் நோய் என்பதையே சுட்டினர். எனினும் முதற் சாரார் கொண்ட பொருள் அதனால் பிழையாகிவிடவில்லை; அக்காட்சியளவில் அதுவே வலிமையானது. கிடைத்த பாடத்திற்குள் நின்று பொருள் காண்பதா, ஆக்கியோன் கருத்தைத் தேடிச் செல்வதா என்னும் பழைய வழக்கே இங்கும் நிகழ்ந்துள்ளது. புக்கின் முன்வாழ்வு பற்றிய ஊகங்களும் இத்தகையவே. 2010இல் ‘தி ஷெப்பர்ட்ஸ் டேல்’ என்னும் படக்கதை அவ்வாழ்வை வெளிப்படுத்தியபோது, ஊகித்து வைத்திருந்தவை அதனினும் நன்றாயிருந்தன என வருந்தியோர் உண்டு. அவர்களுள் நானும் ஒருவன்.

இத்தகைய கருத்துகளை விழுக்காட்டில் கரைத்துவிடுவது பெரும் இழப்பு. நூறு பேர் ‘சிறந்த தொடர்’ என்றதனினும், ஒருவர் மருந்தூசிக்குக் கண்ட பொருளே ஆய்வுக்குப் பயன்படும். ஆகவே பார்வையாளர் இயல் எழுதும் ஆய்வாளர், திரட்டியவற்றை முதலில் துறை பிரிக்கட்டும். இது மதிப்பீடா, விண்ணப்பமா, இரங்கலா, உரையா எனக் கண்ட பின்னரே எண்ணத் தொடங்கட்டும். சில கருத்துகள் இரண்டு துறைகளில் நிற்கும், நிற்கட்டும். புறப்பாடல்களுக்குத் துறை வகுத்தோரும் அத்தொல்லையை அறிந்தவர்களே.

என் பாகுபாட்டிற்கு அடங்காத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். சிஃபை நிறுவனம் 2018 மே மாதத்தில் ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரை மூன்று பருவங்களுடன் கைவிட்டது. பற்றாளர் அமேசான் தலைமையகத்தின் மேல் பதாகை கட்டிய வானூர்தியைப் பறக்கவிட்டனர். அம்மாத இறுதிக்குள்ளேயே அமேசான் தொடரை ஏற்றது; 2022 ஜனவரியில், ஆறு பருவங்களுடன், முறையான முடிவு ஒன்றுடன் அது நிறைவுற்றது. மூலப் புதினங்கள் ஒன்பது, படமானவை ஆறளவே. எஞ்சிய மூன்றும் அச்சில் இருக்கின்றன, எவரும் வாங்கிப் படிக்கலாம். முடிந்த தொடரை முடியாததாக, கையில் உள்ள கதையை இழந்ததாக எண்ணி வருந்தும் அப்பார்வையாளரின் பேச்சை எத்துறையில் வைப்பது என்பதில் எனக்குத் தெளிவு இல்லை.